புதுப்பிப்பு: 1024 பைட் கோப்பில் நின்றுபோன டிஎஃப்டிபி கிளையன்ட்

சரியாக 1024 பைட் உள்ள கோப்பை இறக்கும்போது மட்டும் என் டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்புகளை அனுப்ப உதவும் எளிய நெறிமுறை) கிளையன்ட் முடிக்காமல் காத்துக்கொண்டே இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரி, காரணம் கிடைத்துவிட்டது. தவறு நான் எழுதிய சர்வரில்தான்.

ஒரு பாக்கெட்டில் 512 பைட்டுக்குக் குறைவான தரவு வந்தால்தான் கோப்பு முடிந்தது என்று கிளையன்ட் எடுத்துக்கொள்ளும். கோப்பின் அளவு 512-இன் மடங்காக இருந்தால், தரவே இல்லாத ஒரு பாக்கெட்டைக் கடைசியில் அனுப்பியாக வேண்டும்: 1024 பைட் கோப்புக்கு அது ஆப்கோட் (பாக்கெட்டின் வகையைச் சொல்லும் எண்) 3, பிளாக் எண் 3, மொத்தமே 4 பைட். படிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றதும் என் லூப் அதை அனுப்பாமலே வெளியே வந்துவிட்டது. டிஎஃப்டிபியின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்எஃப்சி 1350-இல் இது தெளிவாகவே இருக்கிறது. எழுதும் முன் முழுதாகப் படித்துவிடுங்கள்.

அப்புறம், சர்வரின் போர்ட் 69 என்பது கிளையன்ட் அனுப்பும் முதல் கோரிக்கைக்கு மட்டும்தான். பதில் எந்தப் போர்ட்டிலிருந்து வருகிறதோ, ஏசிகே (கிடைத்தது என்று சொல்லும் பாக்கெட்) அங்கேதான் போக வேண்டும்.

0, 511, 512, 513 பைட் கோப்புகள் எல்லாம் இப்போது ஒழுங்காக இறங்குகின்றன. பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பும் பகுதி மட்டும் பாக்கி.