குளூட்டனை விட்டும் வயித்து உப்புசம் விடல. ஓட்ஸ்தான் காரணமா?

அக்காவுக்கு சீலியாக், அதாவது குளூட்டன்ங்கற தானியப் புரதத்தால சிறுகுடல் பாதிக்கப்படற நோய்னு போன வருஷம் எண்டோஸ்கோப்பில உறுதியாச்சு. அது இருக்கற கோதுமை, பார்லி, ரை எதுவும் இப்ப வீட்டுக்குள்ள வர்றதில்ல. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தா. கொஞ்ச மாசமா திரும்பவும் உப்புசம், வயித்துப்போக்கு, ஓயாத அசதி. இறங்கிட்டு வந்த டிடிஜி (குளூட்டனுக்கு உடம்பு காட்டற எதிர்ப்பை அளக்கற ரத்தப் பரிசோதனை) அளவும் லேசா ஏறியிருக்கு.

சோயா சாஸை மாத்தியாச்சு, வழக்கமானதுல கோதுமை இருக்கு. பார்லியிலருந்து வர்ற மால்ட் பானம், மால்ட் வினிகர் நிறுத்தியாச்சு. டோஸ்டர், சல்லடை, மரக்கரண்டி எல்லாம் தனி. 'கோதுமை கையாளும் ஆலையில் தயாரானது'ங்கற வரியையும் விடறதில்ல. அந்தப் பொடி எழுத்தைப் படிக்க போன் கேமராவுல பெருசாக்கிப் பார்க்க வேண்டியிருக்கு, வேணும்னே அப்படி அச்சடிக்கிறாங்களோ என்னவோ.

மிச்சம் இருக்கற சந்தேகம் ஓட்ஸ். தினமும் காலையில அதான். குளூட்டன் ஃப்ரீ பாக்கெட்தான் வாங்கறோம், அதாவது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாது. ஆனா ஓட்ஸோட சொந்தப் புரதமான அவெனினே சிலருக்கு ஒத்துக்காதாம். டாக்டரைப் பார்க்க அடுத்த மாசம்தான் தேதி கிடைச்சிருக்கு.

சீலியாக் இருக்கறவங்க யாருக்காவது, இந்த மாதிரி ஓட்ஸை நிறுத்தினதும் சரியாச்சா?