புதுப்பிப்பு: வேலையோடு முதுநிலைப் படிப்பு, ஓராண்டுக்குப் பின்

ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர் வேலையை விடாமல், இணையவழியும் நேரடியும் கலந்த சுகாதார அமைப்பியல் முதுநிலைப் படிப்பில் சேரலாமா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். இரண்டு பருவங்கள் முடிந்தன.

வார இறுதி இணைய வகுப்புகளைச் சமாளித்துவிடலாம். பருவத்துக்குப் பத்து நாள் நேரடி வகுப்புக்கு விடுப்பு வாங்குவதுதான் பெரும்பாடு. மாற்று ஆள் கிடைக்காமல் இரண்டு நாள் வகுப்பு போனது. இன்னும் மனம் ஆறவில்லை. சேர நினைப்பவர்கள் விடுப்புக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

ஆனால் படிப்பு என் கண்ணைத் திறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வகுத்த, சுகாதார அமைப்பின் ஆறு கூறுகளில் மருந்தும் ஒன்று, நிதியும் ஒன்று, தகவலும் ஒன்று. மூன்றும் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தன! தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கில் மருந்து எடுக்கும் பாஸ்புக்தான் அது: ஒதுக்கீடு, எடுத்தது, மீதி. பழைய பாஸ்புக்குகளில் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் வரிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். 2021இல், சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு எங்கள் தேவை எப்படி மாறியது என்பதே என் ஆய்வேடு. வழிகாட்டி நேற்று ஒப்புக்கொண்டார்.