தாத்தா கட்டுரைகள் புத்தகமா வருது, புரூஃப் பாக்க தனியா ஆள் வேணுமா?

வைகைக்கரை:
வணக்கம். எங்க தாத்தா சிற்றிதழ்கள்ல எழுதின கட்டுரைகளைத் தொகுத்து ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குள்ள கொண்டுவரணும்னு வீட்ல முடிவு பண்ணிருக்கோம், 200 பக்கம் வரும். பாதி நாங்களே டைப் பண்ணது, மீதி பழைய ஃபான்ட்ல இருந்துச்சு, அதை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தினோம். ஸ்பெல் செக்கர்லயும் ஓட்டியாச்சு. லேஅவுட் பண்றவர் மெய்ப்பு பாக்க தனியா ஆள் வைங்கன்றார், அச்சகத்துல அதெல்லாம் தேவையில்லைன்றாங்க. ஒரு ஒற்று விட்டுப்போனாலும் தாத்தாவுக்கு பொறுக்காது, அவர் பேர்ல வர்றது சுத்தமா இருக்கணும். என்ன செய்யலாம்?

புரூஃப் மேசை:
ஆள் வைங்க, யோசிக்கவே வேணாம். ஸ்பெல் செக்கர் அகராதியில இல்லாத சொல்லைத்தான் பெரும்பாலும் காட்டும், நம்ம மொழியில வர்ற பிழைல பாதி அகராதியில இருக்குற சொல்லாவே வந்து உக்காந்துக்கும். மார்கழிப் பணி, அரைச் சாவி, பூவின் மனம், இப்படி எது வந்தாலும் அதுக்கு எல்லாம் சரின்னு தான் தோணும். "நினைவுகூர்ந்தார்" வரவேண்டிய இடத்துல "நினைவு கூறினார்"னு வரும், "பொறுத்தவரை"க்கு பதிலா "பொருத்தவரை" வரும், "சுவரில்" இருக்க வேண்டிய இடத்துல "சுவற்றில்" வரும். ஒற்றும் அப்படித்தான், "வேலை தேடினான்"னா உத்தியோகம், "வேலைத் தேடினான்"னா முருகன் கையில இருக்குற வேல், ரெண்டுமே சரியான தமிழ், எது வேணும்னு வாசிச்சுப் பாக்குறவருக்குத் தான் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல பழைய தமிழ் நூல்களை அச்சுல கொண்டுவந்த ஆறுமுக நாவலரோட பதிப்புன்னா பிழை இருக்காதுன்னு இன்னிக்கும் சொல்றாங்கன்னா அவ்வளவு கவனமா பாத்துத் திருத்தி வந்த பதிப்புகள் அது.

வடிவமைப்பு ராஜா:
பழைய ஃபான்ட்ல இருந்து மாத்தினேன்னு சொன்னீங்களே, அதை முதல்ல பாருங்க. "அவர்கள்"ல வர்ற ர் இருக்குற இடத்துல துணைக்கால் போட்டு மேல புள்ளி வச்சிருக்கும், "அவா்கள்"னு. கண்ணுக்கு கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா தேடினா கிடைக்காது, நாளைக்கு இ-புக் போட்டாலும் அப்படியே தான் கிடக்கும். துணைக்கால் மேல புள்ளி தமிழ்ல எங்கயுமே வராது, அதனால மொத்தமா மாத்திடலாம். இன்னொண்ணு "கௌரவம்". ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் தனியா ள அடிச்சு "கெளரவம்"னு வச்சிருப்பாங்க. இதை மட்டும் மொத்தமா மாத்திடாதீங்க ப்ளீஸ், தெளிவு, வெளிச்சம், கெளுத்தி எல்லாம் கெட்டுப்போயிடும், ஒவ்வொண்ணா பாத்துத் தான் மாத்தணும்.

திண்ணைப் பள்ளி:
காசு இல்லைன்னா வீட்லயே பண்ணலாம், ஆனா ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மூலத்தை சத்தமா வாசிக்கணும், இன்னொருத்தர் பிரின்ட் எடுத்த தாள்ல பேனாவோட பின்தொடரணும். தனியா வாசிச்சா விட்டுப்போன வரி தெரியாது, ஏன்னா மனசே அதை நிரப்பிக்கும். ஆள்பேரு, ஊர்பேரு, வருஷம் மூணையும் தனியா இன்னொரு சுத்து பாருங்க, 1956 1965 ஆயிட்டா இலக்கணம் தெரிஞ்சவரும் தாண்டிப் போயிடுவார். அப்புறம் தாத்தா "வருஷம்"னு எழுதியிருந்தா அது வருஷமாவே இருக்கட்டும். பிழை திருத்துறேன்னு அவர் நடையை திருத்திடுற ஆட்கள் இருக்காங்க, அது பிழையை விட மோசம், ஆள் வச்சா முதல்லயே சொல்லிடுங்க.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க. தேடிப் பாத்தேன், துணைக்கால் புள்ளி பக்கத்துக்குப் பக்கம் இருக்கு, நல்லவேளை கேட்டேன். ஆள் வச்சிடுறோம். லேஅவுட்டுக்கு முன்னாடி பாக்கச் சொல்லணுமா பின்னாடியா?

புரூஃப் மேசை:
ரெண்டு தடவையும். முன்னாடி பாக்குறது எழுத்துக்கு, பின்னாடி பாக்குறது பக்கத்துக்கு. லேஅவுட் முடிஞ்சப்புறம் வரி புள்ளி எழுத்துல ஆரம்பிக்குதா, பொருளடக்கத்துல போட்ட பக்க எண் உள்ள இருக்குறதோட ஒத்துப்போகுதா, பக்கத்தோட மேல்வரியில பழைய தலைப்பே நிக்குதான்னு பாக்கணும். முதுகுலயும் பின்னட்டையிலயும் இருக்குறதை ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு வாசிங்க, எல்லாரும் உள்பக்கத்தையே பாத்துட்டு அதை விட்டுடுவாங்க. டிஜிட்டல் பிரின்ட்னா முதல்ல 30 பிரதி மட்டும் போட்டு நெருங்கினவங்க கிட்ட கொடுங்க, அவங்க குறிச்சுக் கொடுத்ததை சேத்துட்டு மீதியைப் போடுங்க.