புதுக் கூலர் மாட்டியபின் சூடு கூடிவிட்டது, தெர்மல் பேஸ்ட் போதவில்லையா?

கேள்வி

வணக்கம். என்னுடைய கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600 பிராசஸர், ஏஎம்4 வகை சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள மதர்போர்டு. பெட்டியோடு வந்த சின்னக் கூலரே இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ ரெண்டர் போட்டால் 82 டிகிரி வரை ஏறும், ஃபேன் இரைச்சலும் தாங்காது. அதனால் நான்கு ஹீட் பைப் உள்ள டவர் கூலர் ஒன்றை வாங்கி, போன வாரம் நானே மாட்டினேன். எனக்கு இது முதல் தடவை.

இப்போது எந்த வேலையும் கொடுக்காமலே 55 டிகிரி காட்டுகிறது. ரெண்டர் தொடங்கி இரண்டே நிமிடத்தில் 90ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது. பிராசஸர் வேகம் தானாக இறங்கிவிடுகிறது.

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசியிருந்த பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். புதுப் பேஸ்டை ஒரு அட்டையால், உலோகம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பரப்பினேன். 90 வந்ததும் பேஸ்ட் குறைவு என்று நினைத்துக் கூலரைக் கழற்றிப் பார்த்தேன். பிராசஸரின் இடது பாதியில் உலோகம் தெரிகிற அளவுக்குப் பேஸ்ட் மெலிந்து போயிருந்தது. வலது பாதியில் அப்படியே கெட்டியாக இருந்தது. மெலிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பேஸ்ட் வைத்து மறுபடி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

இன்னும் அதிகம் வைக்க வேண்டுமா? இல்லை பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) வாங்கிப் போடலாமா? இரண்டு நாளாக வேலை நின்று கிடக்கிறது, தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1

கூலரின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் செருகியிருக்கிறீர்களா? முதலில் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

தாளை உரித்துவிட்டேன். ஃபேனும் சரியாகச் சுற்றுகிறது.

பதில் 2

நண்பரே, பேஸ்ட் குறைந்துவிட்டது என்று நீங்கள் பயந்த இடது பக்கம்தான் சரியாக இருக்கிறது. கோளாறு கெட்டியாக இருக்கும் வலது பக்கத்தில்.

பேஸ்ட் எதற்கு வைக்கிறோம் என்று பார்த்தால் இது புரியும். பிராசஸர் மூடியும் கூலர் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. இரண்டையும் வெறுமனே சேர்த்து வைத்தால் பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பம் கடத்துவதில் செம்பின் மதிப்பு ஏறக்குறைய 400 என்றால், காற்றுக்கு அது 0.03கூட இல்லை. நாம் வாங்குகிற சாதாரணப் பேஸ்டுகள் பத்தை ஒட்டித்தான் இருக்கும், பல அதற்கும் கீழே. அதாவது காற்றோடு ஒப்பிட்டால் பேஸ்ட் பல நூறு மடங்கு மேல். உலோகத்தோடு ஒப்பிட்டால் மிக மட்டம். ஆகவே பள்ளம் நிரம்பும் அளவுக்கு இருந்தால் போதும், உலோகம் உலோகத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. கூடுதலாக வைத்த பேஸ்டைப் பக்கவாட்டில் பிதுக்கித் தள்ளுவது கூலரின் அழுத்தம். உங்கள் வலது பக்கத்தில் அந்த அழுத்தமே விழவில்லை.

கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு பக்க ஸ்க்ரூவை முதலிலேயே முழுக்க முறுக்கிவிட்டீர்களா? 5600-இல் இன்னொரு விஷயமும் உண்டு. வெப்பத்தைக் கக்கும் சில்லு மூடிக்கு நேர் நடுவில் இல்லை, ஓரமாக இருக்கிறது. இடைவெளி அதன் மேல் விழுந்தால் சூடு இப்படித்தான் ஏறும்.

பழைய பேஸ்டின் மேலேயே புதிதாக வைக்காதீர்கள், நடுவில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். முழுக்கத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். பரப்ப வேண்டாம். கூலரை நேராக இறக்கி, இடது ஸ்க்ரூ இரண்டு சுற்று, வலது இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி, இரண்டும் தானாக நிற்கும்வரை முறுக்குங்கள்.

லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரமும் கடத்தும், ஒரு துளி மதர்போர்டில் சிந்தினால் போச்சு.

பதில் 3

மேலே சொன்னதெல்லாம் சரி. கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, 1331 பின்கள். பிராசஸரைப் பிடித்து வைக்கும் சாக்கெட் லீவர் பூட்டியிருந்தாலும், பேஸ்ட் இறுகிப் பிடித்துக்கொண்டால் கூலரோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது. ஏழு பின்கள் வளைந்துவிட்டன. மெக்கானிக்கல் பென்சில் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி முடிக்க ஒரு முழு மாலை ஆனது, கை நடுக்கம் அடங்க அதற்கு மேலும் ஆனது.

பத்து நிமிடம் ஏதாவது வேலை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையிலேயே தெரியும், அப்புறம் தூக்குங்கள். நேராக மேலே இழுக்கவே கூடாது.

கேட்டவர்

சொன்னபடியே செய்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

இடது ஸ்க்ரூவை நான் முதலிலேயே கடைசிவரை முறுக்கியிருந்தேன். அதனால் வலது முனை சற்று எழும்பி, அந்த ஸ்க்ரூ கோணலாகப் புரியேறி, பாதியிலேயே இறுகி நின்றிருக்கிறது. கைக்கு இறுக்கமாகத் தெரிந்ததால் முடிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். நல்லவேளை, புரி கெடவில்லை.

துடைத்து, பட்டாணி அளவு வைத்து, இரண்டு சுற்று இரண்டு சுற்றாக முறுக்கினேன். இப்போது சும்மா இருக்கும்போது 38. அரை மணி நேரம் ரெண்டர் ஓடியும் 69ஐத் தாண்டவில்லை. ஃபேன் ஓடுவதே காதில் விழவில்லை. பிராசஸரையே கெடுத்துவிட்டேனோ என்று தூக்கமில்லாமல் இருந்தேன், மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்றே ஒன்று. பேஸ்ட் எல்லாப் பக்கமும் சரியாகப் பரவியிருக்கிறதா என்று ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடட்டுமா?

பதில் 2

வேண்டாம். கழற்றினால் மறுபடி துடைத்துப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். 69 காட்டுகிறதே, பரவியிருக்கிறது. இதே வேலைக்கு இதைவிடப் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டும் நாள் வந்தால், முதலில் கூலரில் படிந்த தூசியைத் தட்டுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் அப்போது கழற்றுங்கள்.