ஹுகரெரே பள்ளியும் அன்னா வில்லியம்ஸும்: கல்வித் தொண்டா, வீட்டுவேலைப் பயிற்சியா?

கேள்வி:
நியூசிலாந்து மிஷனரி வரலாற்றில் வில்லியம்ஸ் குடும்பத்து ஆண்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. புதிய ஏற்பாட்டை அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியான மாவோரியில் மொழிபெயர்த்து, 1844இல் மாவோரி அகராதியும் வெளியிட்ட வில்லியம் வில்லியம்ஸைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், நேப்பியர் நகரின் ஹுகரெரே மாவோரிப் பெண்கள் பள்ளிக்காக உழைத்த அவருடைய மகள் அன்னா மரியாவை (1839–1929) ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அப்பள்ளி உருவான பின்னணி என்ன? அங்கே பெண்கள் கற்றது என்ன?

மறுமொழி 1:
அன்னா பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் குடும்பம் கிழக்குக் கரையிலுள்ள தூரங்காவுக்குக் குடிபெயர்ந்தது. மாவோரி மக்களிடையே வளர்ந்ததால் அவர்களுடைய மொழி அவருக்குச் சிறு வயதிலேயே பழகிவிட்டது. 1865இல் பாய் மாரிரே என்னும் மாவோரிச் சமய இயக்கத்தாரின் வருகையால் மூண்ட கொந்தளிப்பில், மிஷன் நிலையத்தையும் அங்கிருந்த பள்ளியையும் விட்டுவிட்டுக் குடும்பம் வெளியேற நேர்ந்தது. 1867இல் நேப்பியரில் நிலைகொண்ட பிறகு, 1875இல் ஹுகரெரே தொடங்கப்பட்டது. மறு ஆண்டே பேராயரான தந்தை பக்கவாதத்தால் படுத்துவிட்டார், 1878இல் காலமானார். ஆகவே, பள்ளியைத் தொடங்கிய பெருமை அவருக்குச் சேர்ந்தாலும், அதை நிலைக்கச் செய்தவர்கள் அன்னாவும் குடும்பத்துப் பெண்களும்தாம் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், அக்கல்வி எதற்காக என்பதையும் கேட்க வேண்டும். ஆங்கிலமும் கணக்கும் கற்ற அதே பெண்கள் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, ரொட்டி சுட்டு, தங்கள் உடைகளையும் தாங்களே தைத்தார்கள். அன்னாவின் பெரியப்பா மகன் சாமுவேல் வில்லியம்ஸ் 1854இல் தொடங்கிய தே ஆவுத்தே என்னும் பையன்கள் பள்ளியிலோ, தலைமையாசிரியர் ஜான் தார்ன்டன் மாவோரிப் பையன்களைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கே தயார் செய்தார். அங்கே படித்த, பின்னாளில் மாவோரித் தலைவரான ஆபிரானா ஙாட்டா 1893இல் பட்டம் பெற்றார். ஒரே குடும்பம் வளர்த்த இரண்டு பள்ளிகளில் ஒன்று பட்டதாரிகளை உருவாக்க, மற்றொன்று நல்ல இல்லத்தரசிகளை உருவாக்கினால் போதும் என்று கருதப்பட்டதை அக்கால வழக்கம் என்று மட்டும் சொல்லி என்னால் விட்டுவிட முடியவில்லை. பையன்கள் தம் கிராமங்களைச் சீர்திருத்துவார்கள், பெண்கள் அவர்களுக்கு ஏற்ற மனைவியராக வருவார்கள் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு.

மறுமொழி 3:
மேலே எழுதிய நண்பரின் ஒப்பீடு சரியே. ஆயினும், அந்த எதிர்பார்ப்போடு கதை முடிந்துவிடவில்லை. அரசின் கிராமப் பள்ளிகளில் சிறந்து விளங்கிய சிறுமிகள் உதவித்தொகை பெற்று ஹுகரெரேக்கும், அதே நகரில் கத்தோலிக்கத் துறவியர் 1867இல் தொடங்கிய புனித ஜோசப் பள்ளிக்கும் வந்தார்கள். கிராமத்துச் சிறுமிக்கு மேற்படிப்புக்கு இருந்த வழிகள் அன்று மிகச் சிலவே. தே ஆவுத்தேயின் பழைய மாணவர்களிடையே எழுந்த ஒரு யோசனையின்படி, 1890களின் இறுதியில் இவ்விரு பள்ளிகளின் மாணவியரும் நேப்பியர் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். தொற்றுநோய்கள் மாவோரிக் கிராமங்களை வாட்டிய காலத்தில், நோயாளியின் மொழியிலேயே பேசக்கூடிய செவிலியரின் மதிப்பைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அந்தப் பள்ளி இன்றும் இயங்குகிறதா?

மறுமொழி 1:
இயங்குகிறது, ஐயா. 1910இல் கட்டடம் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்டது. அப்போது அன்னா எழுபதைத் தாண்டியிருந்தார். 1969இல் வகுப்புகள் நிறுத்தப்பட்டு, மாணவியர் தங்கும் விடுதியாக மட்டும் நீடித்தது. 1993இல் மீண்டும் பள்ளியாகத் திறக்கப்பட்டு, பின்னர் நேப்பியருக்கு வெளியே எஸ்க்டேலுக்கு இடம் மாறியது.