சின்னத் தொட்டியில் மீன் செத்துக்கொண்டே இருக்கிறது, எதை விடலாம்?

அம்பத்தூர் அப்பா

வணக்கம். மகளின் பிறந்தநாளுக்காகப் போன ஞாயிறு ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கடையில் 15 லிட்டர் என்றார்கள். கூடவே மூன்று கோல்டு ஃபிஷ், "கண்ணாடியைச் சுத்தமா வச்சுக்கும் சார்" என்று ஒரு சக்கர் மீன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போனது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பயந்துபோய், இருந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மெட்ரோ தண்ணீர் நிரப்பினேன். விடிந்து பார்த்தால் இரண்டு கோல்டு ஃபிஷ் மிதக்கின்றன. மகள் அழுது தீர்த்துவிட்டாள். இந்தத் தொட்டியில் சாகாமல் இருக்கும் மீன் எது? இன்றைக்கே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

கப்பி ரசிகன்

கோல்டு ஃபிஷ் எல்லாம் நமக்குச் சரிப்படாது அண்ணா. ஒரு ஜோடி கப்பி மீன் விடுங்கள், அதுபாட்டுக்கு இருக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

தொட்டிக்காரன்

இன்றைக்கு எதுவும் வாங்காதீர்கள். எந்த மீனை விட்டாலும் இதே கதைதான். முதலில் டேப் எடுத்துத் தொட்டியின் உள்ளளவு சொல்லுங்கள். உயரத்துக்கு, தண்ணீர் நிற்கும் உயரம் மட்டும் போதும். தொட்டி எந்த அறையில் இருக்கிறது? ஃபில்டர் என்ன வகை?

அம்பத்தூர் அப்பா

நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் 18, தண்ணீர் 19. மகளின் படுக்கையறையில் இருக்கிறது. இரவில் ஏசி 23-இல் ஓடும். சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்பில் ஓடுகிறது.

தொட்டிக்காரன்

30 × 18 × 19, ஆயிரத்தால் வகுத்தால் 10.26. கல் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் உங்களிடம் இருப்பது 9 லிட்டர் தண்ணீர் சார். பெரிய வாளி கூட இல்லை.

கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் அரை அடி வரும், கழிவும் அதிகம். அதன் கழிவிலிருந்தும் செவுள் வழியாகவும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். ஓடிப் பழகிய தொட்டியில் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியா அந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், கடைசியது அவ்வளவு மோசமில்லை. அந்தப் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் கொடுத்தது மூன்று நாள். மேலே வந்து வாயைத் திறந்ததற்கு அமோனியா சேர்ந்ததுதான் காரணமாக இருக்கும். அப்புறம் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து விடாமல் மெட்ரோ தண்ணீர் முழுசாக ஊற்றினீர்கள் பாருங்கள், ஏற்கெனவே வெந்துபோன செவுளில் குளோரினும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மாட்டார்கள்.

தம்பி சொன்ன கேன் தண்ணீரை ஊற்றாதீர்கள். அது ஆர்ஓ மெஷினில் வடிகட்டிய தண்ணீர், உப்புச்சத்து அநேகமாகப் போயிருக்கும். கப்பிக்குப் பிடித்ததே கொஞ்சம் கடினத் தண்ணீர்தான்! ஜோடி விட்டால் ஏறக்குறைய மாதம் ஒரு பிரசவம், ஒவ்வொன்றிலும் இருபது முப்பது குஞ்சு. 9 லிட்டரில் எங்கே வைப்பது?

கப்பி ரசிகன்

சரி, ஆண் கப்பி மட்டும் மூன்று விட்டால்?

தொட்டிக்காரன்

20 லிட்டருக்கு மேல் என்றால் நானே சொல்லியிருப்பேன். பெண்ணைப் பிறகு சேர்க்கலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். கடையிலிருந்து வரும் பெண் கப்பி அநேகமாகச் சினையாகத்தான் வரும். பிறகு ஆணே இல்லாவிட்டாலும் பல மாதம் குட்டி போடும்.

அம்பத்தூர் சார், உங்கள் தொட்டிக்கு ஒரே ஒரு ஆண் ஃபைட்டர் மீன் (பெட்டா) போதும். இரண்டு ஆண் விட்டால் அடித்துக்கொண்டு சாகும். செவுளோடு நேராகக் காற்றையும் மூச்சிழுக்கும் உறுப்பு அதற்கு உண்டு, அதனால் மற்ற மீன்களைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அமோனியா அதையும் கொல்லும். 26 முதல் 28 டிகிரி வேண்டும், ஆகவே தொட்டியை ஏசி அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள், ஹீட்டர் செலவு மிச்சம். மூடி கட்டாயம், குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஏர் பம்பின் காற்றை ரெகுலேட்டர் வைத்துக் குறையுங்கள், நீளத் துடுப்போடு ஃபைட்டரால் வேகமான நீரோட்டத்தில் நீந்த முடியாது.

மதுரை மீனாள்

ஃபைட்டருக்கே 20 லிட்டர் இருந்தால்தான் நல்லது என்பது என் கட்சி. 9 லிட்டரில் விட்டால் வாரம் இருமுறையாவது கால்பங்கு தண்ணீர் மாற்ற மனசு வேண்டும். கொஞ்சம் ஜாவா மாஸ் (தண்ணீர்ப் பாசி), ஒரு மணி பிளான்ட் போட்டு வையுங்கள், மறைந்துகொள்ள இடம் கிடைக்கும்.

சக்கரைப் பற்றி யாருமே பேசவில்லையே! அது ஒரு அடியைத் தாண்டி வளரும் மீன் தம்பி. வாங்கிய கடையிலேயே கோல்டு ஃபிஷோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாவம் என்று ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருப்பதே இப்படி விட்டதால்தான்.

அம்பத்தூர் அப்பா

இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காசு தரவில்லை, போகட்டும். வெறும் தொட்டியை ஓடவிட்டு ஐந்து வாரம் என்ன செய்வது? மகளிடம் என்ன சொல்வது?

தொட்டிக்காரன்

தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அமோனியா வரும், அதுதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, வாரம் இருமுறை மகளையே சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்கிற நிலை ஒரு வாரம் நீடித்தால் மீன் வாங்கலாம். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவர்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றுங்கள், சீக்கிரமே தயாராகிவிடும். இனிமேல் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அம்பத்தூர் அப்பா

ஆறு வாரம் கழித்து வருகிறேன். எதிர்வீட்டுக்காரர் ஸ்பாஞ்ச் பிழிந்து கொடுத்தார், நாலாவது வாரமே கணக்கு சரியாகிவிட்டது. மகள் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் ஒரு நீல ஃபைட்டர் வாங்கி வந்து பத்து நாள் ஆகிறது. காலை மூன்று, மாலை மூன்று உருண்டை தீனி. நேற்றிலிருந்து ஒரு மூலையில் தண்ணீர்மேல் சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்னக் குமிழியாகச் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் மறுபடி கெட்டுவிட்டதா?

மதுரை மீனாள்

மீன் சுறுசுறுப்பாக இருக்கிறதா? சொட்டு விட்டுப் பார்த்தீர்களா?

அம்பத்தூர் அப்பா

இரண்டும் பூஜ்யம் அக்கா. மீன் அந்த நுரைக்குக் கீழேயே காவல் நிற்கிறது. மகள் விரலை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு வருகிறது.

மதுரை மீனாள்

அது கூடு கட்டியிருக்கிறது தம்பி. முட்டை வைக்க ஆண் ஃபைட்டர் இப்படித்தான் வாயால் குமிழி விட்டு அடுக்கும், பெண் இல்லாவிட்டாலும் கட்டும். தண்ணீர் மாற்றும்போது அந்த மூலையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக எடுங்கள். கலைந்தாலும் பரவாயில்லை, மறுபடி கட்டிக்கொள்ளும்.