ஷாநாமா படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே, பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசியின் ஷாநாமாவை ஆங்கில மொழிபெயர்ப்பில் மெதுவாகப் படித்துக்கொண்டு வருகிறேன் (1010 வாக்கில் முடித்த காவியம், ஏறத்தாழ 50,000 ஈரடிகள், அதனால் அவசரப்படவும் முடியாது). ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

சாசானிய அரசன் அர்தஷீர் தன் மகன் ஷாப்பூருக்குச் சொல்லும் அறிவுரையில், மதமும் அரியணையும் ஒன்றோடொன்று பின்னிய நெசவு, ஒன்றில்லாமல் மற்றது நிற்காது என்கிறான். சரி, ஆனால் அதற்கு முன்னால் வரும் கதைகள் அப்படிச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஜம்ஷீத் தானே அரசன், தானே மதகுரு என்றுதான் ஆட்சியைத் தொடங்குகிறான், கடைசியில் தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொண்டதும் ‘ஃபர்’ எனும் தெய்வ ஒளி அவனை விட்டுப் போய்விடுகிறது, நாடு கொடுங்கோலன் ஸஹ்ஹாக்கின் கைக்குப் போகிறது. அப்புறம் குஷ்தாஸ்ப். பழைய ஈரானின் தீர்க்கதரிசி ஜரதுஷ்டிரரின் மதத்தை ஏற்ற அரசன் அவன், அந்த மதத்துக்காகப் போரிட்டவன் மகன் இஸ்ஃபந்தியார். அந்த மகனையே, மாவீரன் ருஸ்தமின் கையால்தான் அவனுக்குச் சாவு என்று தெரிந்தும், ருஸ்தமைக் கட்டி இழுத்து வா என்று அனுப்புகிறான், அதுவும் அரியணையை விட்டுத்தர மனமில்லாமல்! மனுஷனா இவன்?

என் கேள்வி இதுதான்: ஃபர் மதத்திலிருந்து வருவதா, மதத்துக்கும் முந்தியதா? ஜரதுஷ்டிரரின் வருகையைப் பாடும் ஆயிரம் ஈரடிகள் அளவு ஃபிர்தௌசிக்கு முந்தைய கவிஞர் தகீகி எழுதியவை என்பதால் அங்கே பார்வையே மாறுகிறதா? பாரசீகம் தெரிந்தவர்கள் மூலத்தைப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.